கராமந்தியரின் தண்ணீர்

1

வருடா வருடம் ஆவணி நான்காம் நாள் எங்கள் வீட்டில் பாயசம் வைப்போம். நான் சிங்கப்பூரில் வந்து இறங்கிய நாள் அது. என் மனைவி கலா தொடங்கி வைத்த பழக்கம். இந்த வருடத்தோடு பதின்மூன்று முடிகிறது. பாயசம் வைக்கவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து தம்பி கூப்பிட்டு, "ஏண்ணா, இன்னிக்குப் போட்டோ ஒண்ணும் காணமே?" என்று கேட்டான். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தால் லிபியாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதுவும் நான் வேலை பார்த்த லிபியா மட்டும் அல்ல. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே வாழ்ந்து முடிந்துபோன ஒரு ஜனத்தின் கதையையும் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் போல நானும் போர்வெல் ரிக் வண்டியில்தான் பிழைப்பைத் தொடங்கினேன். பிறகு லிபியாவின் தெற்கே, ஃபெஸ்ஸான் பாலைவனத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனியில் ஏழு வருடம். அங்கே சண்டை வந்ததும் ஒரு கைப்பையோடு தப்பி ஊருக்கு வந்தேன். கலா அதற்குள் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி வேலையில் சேர்ந்திருந்தாள். அவள் பின்னால் நானும், நான்கு வயது மகள் தர்ஷினியும் வந்தோம்.

வந்த முதல் வாரம், ஒரு கட்டுமான இடத்தில் தரையில் பதித்திருந்த இரும்பு மூடியில் AIR என்று எழுதியிருந்தது. காற்றுக் குழாய்தானே என்று அதன் மேலேயே கம்பியை இறக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. மலாயில் 'ஆயர்' என்றால் தண்ணீர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லிபியாவில் 'மய்யா', இங்கே 'ஆயர்'. மூன்று நாட்டிலும் தண்ணீரைத் தவிர வேறு எதையும் நம்பி நான் பிழைக்கவில்லை.

2

உட்லண்ட்ஸில் வீடு. வேலை லிட்டில் இந்தியாவில். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், புதுக் கட்டடம் ஒன்றுக்கு நான்கு அடுக்கு நிலவறை தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆழத் தோண்டினால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்துக்குள் கசிந்து இறங்கும். நீர் இறங்கினால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் களிமண் சுருங்கும். மண் சுருங்கினால் மேலே நிற்கும், கீழே கடையும் மாடியில் வீடுமான பழைய கடைவீடுகள் உட்காரும். ஆகவே பள்ளத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குழாய் இறக்கி, தினமும் காலையில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். அதுதான் என் வேலை. நாடாவின் நுனியில் இருக்கும் முள் தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். ஆழத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஏழாம் எண் குழாய் ஹமீது பாயின் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. பாய்க்கு எழுபது வயது. அவருடைய அப்பா கடையநல்லூரிலிருந்து வந்தவர். பாய் இங்கேயே பிறந்தவர். படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை. கல்யாணப் போட்டோ, சாமி படம், மெக்கா படம், பட்டமளிப்புப் போட்டோ எல்லாம் அந்தக் கடைக்கு வரும். மாடியில் பாயும் அவர் மனைவி ஜுபைதாம்மாவும் குடியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடிப்படி குறுகல், செங்குத்து. அவர் கீழே இறங்குவதே மாதத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குப் போக.

அளவு எடுத்து முடித்ததும் பாய் கடையில் ஒரு தேநீர் குடிப்பேன். மேலேயிருந்து ஜுபைதாம்மாவின் குரல் வரும்: "தம்பி வந்துட்டாரா? பசியாறிட்டாரான்னு கேளுங்க." ஆறு மாதமாக இதுதான் என் காலை.

ஒரு புதன்கிழமை ஏழாம் குழாயின் நீர்மட்டம் மூன்று மீட்டர் எழுபதில் நின்றது. வழக்கமாக இரண்டு மீட்டர் பத்தில் நிற்கும். மூன்று அறுபதைத் தாண்டினால் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பொறுப்புப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. என் மேலதிகாரி ரவிக்குப் போன் செய்தேன். ரவி இங்கே பிறந்து வளர்ந்த பையன், முப்பத்து நான்கு வயது. கெட்டவன் இல்லை, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"ஒரு பைப்தானே அண்ணே? மத்ததெல்லாம் ஓகே லா. உள்ள மண்ணு அடைச்சிருக்கும். புது பைப் போடச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் மூணு நாப்பதுன்னு போடுங்க."

"அடைச்சிருக்கற மாதிரித் தெரியல ரவி."

"அண்ணே, ஸ்டாப் வொர்க் வந்துச்சுன்னா ஒரு நாளைக்கு எவ்ளோ லாஸ்னு தெரியும்ல? நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க லெட்டர் எங்கிட்டதான் இருக்கு. இந்த மாசத்துக்குள்ள பாஸ்கிட்ட சைன் வாங்கித் தர்றேன், கவலைப்படாதீங்க" என்றான்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே நிரந்தரவாசிகள். பெயரில்தான் நிரந்தரம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அது தீர்ந்த பிறகு நாட்டை விட்டு ஒரு காலை வெளியே வைத்தால் நிரந்தரமும் அங்கேயே முடிந்தது. புதுப்பிக்க வேலையிடத்திலிருந்து கடிதம் வேண்டும். என்னுடையது ஐப்பசியில் தீர்கிறது. ஐம்பத்தாறு வயதில் வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. வேலை இல்லாதவனுக்குக் கடிதம் ஏது?

ஒரு வாளித் தண்ணீரை ஏழாம் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். அடைத்திருந்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். பாம்பு வளைக்குள் போவது போலச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. குழாயில் கோளாறு இல்லை.

தாளில் 3.40 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ரிக்கில் இருந்த காலத்திலிருந்தே சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பேன். அதில் மட்டும் 3.70 என்று எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

3

அதற்கடுத்த வாரம் எங்கள் வட்டாரத் தமிழ் வாசகர் வட்டத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மாதாந்திரக் கூட்டத்துக்குப் பேச்சாளர் கிடைக்கவில்லை. நான் லிபியாவில் இருந்ததாகக் கலா எப்போதோ சொல்லியிருக்கிறாள். "எண்ணெய், போர் எல்லாம் வேணாங்க. அங்க ஆதியில யார் இருந்தாங்கன்னு ஒரு நாப்பது நிமிஷம் பேசுங்களேன்" என்றார். நூலகத்தில், சனிக்கிழமை பிற்பகல். ஒப்புக்கொண்டேன். ஏழாம் குழாயை மறந்திருக்க ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

திரையில் காட்டுவதற்கான படங்களைத் தர்ஷினி தயார் செய்து கொடுத்தாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் பேசினால் புரியும்; பதில் ஆங்கிலத்தில் வரும். கலாவும் நானும் பேசுவதை வானொலி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு வாரமும் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நான் சொல்லச் சொல்ல அவள் தேடிப் படம் எடுத்தாள். சகாரா ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்தது. ஏரிகள் இருந்தன. நீர்யானை இருந்தது. மாடு மேய்த்த ஒரு ஜனம் இருந்தது. அகாகுஸ் மலையின் பாறைகளில் தங்கள் மாடுகளைப் புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு குகையில் ஒரு சின்னக் குழந்தையின் உடல் கிடைத்தது. மான் தோலில் சுற்றி, தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிமாலை போட்டுப் புதைத்திருந்தார்கள். ஐயாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. எகிப்தின் அரசர்களுக்கு முந்தியது.

"திஸ் ஒன் இஸ் சோ சேட், அப்பா" என்றாள் தர்ஷினி. அந்தப் படத்தைப் பெரிதாக்காமல் அடுத்ததுக்குப் போனாள்.

பிறகு மழை நின்றது. ஒரே வருடத்தில் அல்ல. பாட்டன் பார்த்த ஏரியைப் பேரன் பார்க்காத வேகத்தில் நின்றது. மாடுகள் போயின. மிஞ்சிய ஜனம் மலையடிவாரப் பள்ளத்தாக்கில் ஒதுங்கியது. அவர்கள் வழியில் வந்தவர்கள்தான் கராமந்தியர். குதிரை பூட்டிய தேரில் போனார்கள், தனி எழுத்து வைத்திருந்தார்கள், கராமா என்று தலைநகர் கட்டினார்கள், ரோமர்களோடு சண்டையும் போட்டார்கள், வியாபாரமும் செய்தார்கள். மழையே இல்லாத இடத்தில் கோதுமையும் திராட்சையும் பேரீச்சையும் விளைவித்தார்கள்.

எப்படி என்றால், மலையடிவாரத்தில் மண்ணுக்குள் தேங்கியிருந்த பழைய தண்ணீரைச் சுரங்கம் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். மைல் கணக்கில் நீளும் சுரங்க வாய்க்கால்கள். உள்ளே இறங்கி மண் அள்ளுவதற்கு வழி நெடுகக் குழிகள். அந்தத் தண்ணீர் புல்வெளிக் காலத்து மழை. மாடு மேய்த்தவர்கள் தலையில் பெய்த மழை. எடுத்தால் எடுத்ததுதான்; மறுபடி ஊறாது. நூற்றுக்கணக்கான வருடம் எடுத்தார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க, சுரங்கத்தை இன்னும் ஆழமாக, இன்னும் நீளமாக வெட்டினார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வெட்ட ஆளும் இல்லை, வெட்டினாலும் தண்ணீர் இல்லை. வயல் சுருங்கியது, ஊர் சுருங்கியது, அரசு போயிற்று.

அந்தக் குழிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனி ஜீப்பை ஓட்டிய மூசா அந்தப் பள்ளத்தாக்குக்காரன். ஒருநாள் வண்டியை நிறுத்தி, வரிசையாக மலை வரைக்கும் போகும் மண் வளையங்களைக் காட்டினான். ஒரு கல்லை எடுத்து ஒரு குழிக்குள் போட்டான். கல் விழுந்த சத்தம் வந்தது. தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கல்லறைகள்.

"நீங்க அங்க என்ன பண்ணீங்க? சேம் வாட்டர் எடுத்தீங்களா?" என்று தர்ஷினி கேட்டாள். அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"ஆமா சாமி. இன்னும் ஆழத்துல. மோட்டர் வெச்சு."

"தென் வாட் ஹேப்பண்ட்?"

என்ன நடந்தது என்றால், நாங்கள் மூன்றாவது கிணறு போட்ட வருடம் மூசாவின் தோப்புக்குப் பக்கத்தில் இருந்த ஊற்று நின்றது. பேரீச்சை மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்தன. அவன் என்னைத் திட்டவில்லை. "நீ நல்ல ஆள், ராஜு. ஆனால் உன் குழாய் கீழே போகப் போக என் மரம் மேலிருந்து சாகிறது" என்று தன் அரபியில் நிதானமாகச் சொன்னான். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் நான் நான்காவது கிணற்றுக்குப் போனேன்.

இதை மகளிடம் சொல்லவில்லை. "சண்டை வந்துருச்சு, நான் வந்துட்டேன்" என்றேன்.

அந்த நாட்களில் தாளில் 3.40, 3.50, 3.40 என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் 4.00, 4.40, 4.70.

4

கூட்டத்துக்கு முப்பது பேர் போல வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹமீது பாய். பேச்சுவாக்கில் நான்தான் கடையில் சொல்லியிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வருவார் என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. கலா கடைசி வரிசையில். தர்ஷினி கணினிப் பக்கத்தில்.

பேச்சு நன்றாகவே போனது. சுரங்க வாய்க்கால் வரைபடத்தைப் பார்த்து ஒருவர் எங்கள் ஊர் ஏரி மதகு போலவா என்று கேட்டார். கடைசியாக பாய் கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். தண்ணி எறங்கிக்கிட்டே போவுதுன்னு அவங்கள்ல ஒருத்தருக்குமா தெரியல?"

"தெரிஞ்சிருக்கும் பாய்" என்றேன். "குழிக்குள்ள எறங்கி மண்ணு அள்ளினவங்க பெரும்பாலும் அடிமைங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க நெனக்கறாங்க. போன வருஷம் முழங்கால் வரைக்கும் இருந்த தண்ணி இந்த வருஷம் கணுக்கால்ல நின்னா, மொதல்ல அவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எஜமான்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க?"

"எஜமான விடுங்க. கீழ்ப்பக்கம் குடியிருந்த சனங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே. புள்ளகுட்டியோட நேரத்துல வெளியாகியிருப்பாங்கள்ல?"

யாரோ சிரித்தார்கள். வாசகர் வட்டத்து அம்மா, "நல்ல கேள்வி, பாய்" என்றார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். மூடி கையிலிருந்து நழுவி உருண்டது. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கைதட்டினார்கள். கறிபாப் பலகாரமும் தேநீரும் கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பேசுனீங்க. ஜுபைதாவுக்குப் போய்ச் சொல்லணும். அப்புறம் தம்பி, நீங்க இன்ஜினியர் மாதிரிதானே, ஒண்ணு கேக்குறேன். ரெண்டு நாளா எங்க குசினிக் கதவு சாத்த மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதியிருக்குமோ?"

அந்த வாரம் மழையே பெய்யவில்லை.

"திங்கக்கிழமை வந்து பாக்கறேன் பாய்" என்றேன். திங்கட்கிழமை என்று ஏன் சொன்னேன்? அப்போதே சொல்லியிருக்கலாம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கலா கேட்டாள்: "ஏனுங்க, அவரு கேட்டதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போச்சு?"

சொன்னேன். குறிப்பேட்டைக் கொடுத்தேன். அடுக்களை விளக்கின் கீழ் நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் நோயாளியின் அளவுகளை எழுதுகிறவள் அவள்.

"எங்க வார்டுல ஒரு பிரஷரை இப்படி மாத்தி எழுதினா அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமுங்களா?" என்றாள். குறிப்பேட்டை மூடினாள். "நம்ம பர்மிட்டு போச்சுன்னா போகட்டும். நான் வேலைல இருக்கறேன். நாளைக்கே சொல்லிப்போடுங்க."

மறுநாள் ஞாயிறு. தோண்டும் இடம் பூட்டியிருக்கும், அலுவலகத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஏழாம் குழாயில் நாடாவை இறக்கினேன். ஐந்து மீட்டரைத் தாண்டியும் சத்தமில்லை. ஐந்து அறுபதில் கத்தியது. நிமிர்ந்து பார்த்தேன். சந்தின் கான்கிரீட் தரைக்கும் பாய் வீட்டின் பின்சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சனிக்கிழமை காலையில் அது இல்லை. குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டு.

ரவிக்குப் போன் செய்தேன். "அண்ணே, வெள்ளிக்கிழமை அடித்தளம் கான்கிரீட் போட்டுடுவாங்க. அப்புறம் தண்ணி தானா நிக்கும். நாலு நாள்தான் அண்ணே."

"நான் இஞ்சினியரக் கூப்பிடப் போறேன் ரவி."

"சைன் பண்ணது நீங்க, தெரியும்ல?" என்றான். மிரட்டல் போல இல்லை. பயந்துபோன குரல்.

தகரத் தடுப்பில் பொறுப்புப் பொறியாளரின் எண் எழுதியிருக்கும். தினமும் அதைக் கடந்துதான் போவேன். அந்த எண்ணைக் கூப்பிட்டு, என் ஆங்கிலத்தில், தேதியும் அளவும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் முதலில் நான் மாற்றி எழுதிய தாளின் அளவைச் சொல்லி மறுத்தார். "தட் பேப்பர் லை சார். ஐ லை" என்றேன். இலக்கணம் தப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. "வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். வெளியே கொண்டுவரச் சொன்னார்; அரசாங்க அலுவலகத்துக்குத் தானே சொல்வதாகவும் சொன்னார்.

பாய் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். "பாய், அம்மாவக் கீழ எறக்கணும். இப்பவே" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்காமல் வைரக் கத்தியைக் கீழே வைத்தார்.

ஜுபைதாம்மா வர மறுத்தார். "அடுப்புல சோறு இருக்கு தம்பி. தலைக்குக்கூட ஊத்தல. இப்படியே எப்படித் தெருவுக்கு வர்றது?" சமையலறைத் தரை பின்பக்கம் சரிந்திருந்தது, கழுவி வைத்த தக்காளி ஒன்று தானாக உருண்டு சுவரோரம் போய் நின்றது. அதை அவரும் பார்த்தார். பிறகு முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

எதிர்ப் பூக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் பாயும் நானுமாகத் தூக்கினோம். படியில் நாற்காலிக் கால்கள் இரண்டு பக்கச் சுவரிலும் உரசின. பாதியில் பின்னாலிருந்து ஒரு சத்தம், உலர்ந்த மட்டையை முறிப்பது போல. மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் ஜுபைதாம்மாவின் முக்காட்டில் கொட்டியது. அவர் சத்தமாக ஓதிக்கொண்டே வந்தார்.

தெருவைக் கடந்து பூக்கடை நிழலில் உட்காரவைத்தோம். பொறியாளர் வந்தார். வேலையை நிறுத்தினார்கள். பக்கத்து வீடுகளையும் காலி செய்யச் சொல்லி மஞ்சள் நாடா கட்டினார்கள். பத்தே முக்காலுக்குப் பின்கட்டு இறங்கியது. இடிந்து விழவில்லை, உட்கார்ந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து சந்தில் ஓடியது. அதன் பிறகுதான் கடைக்குள் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் விழத் தொடங்கின. ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. பாய் ஒவ்வொரு கண்ணாடிக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

யாருக்கும் அடிபடவில்லை.

6

விசாரணையில் குறிப்பேட்டைக் கொடுத்தேன். மேசையின் மறுபக்கம் இருந்த அதிகாரி அதையும் நான் கையெழுத்துப் போட்ட தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரண்டு கையெழுத்தும் உங்களுடையதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரவி சொல்லித்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன். குழாய் அடைக்கவில்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் என்னை ஒருமுறை பார்த்தார்.

இப்போது எனக்கு வேலை இல்லை. கடிதமும் இல்லை. அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஐப்பசிக்குப் பிறகு நான் ஊருக்கு வந்தால் திரும்ப இங்கே நுழைய முடியாமல் போகலாம். அதனால் அம்மாவின் திதிக்கு இந்த வருடம் வர இயலாது, தம்பி. வழக்கு வருமா என்றும் தெரியாது. ரவியையும் நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை கூப்பிட்டான். "அந்த நோட்ட நீங்க காட்டாம இருந்திருக்கலாம் அண்ணே" என்றான். கோபம்கூட இல்லை. எனக்கு அவன் மேல் கோபம் வராததுதான் பயமாக இருக்கிறது. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தர்ஷினி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பேச்சுக்காக அவள் செய்த படங்களை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "ஓகே" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாயும் ஜுபைதாம்மாவும் பூன் லேயில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போன ஞாயிறு கலாவும் நானும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். பாய் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அல்லா ஒங்க ரூபத்துல வந்தாரு தம்பி" என்று தன் மகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் என்னைக் காட்டினார். அவருக்கு முழுதும் தெரியாது. அதிகாரிகள் அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், சொல்லவில்லை. தேநீர் வந்தது. கலா என்னைப் பார்த்தாள்.

"பாய், எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"எப்ப? சனிக்கிழமை கதவு சாத்தலன்னு சொன்னேனே, அப்பவா?"

"அதுக்கும் முன்னாடி. வீடு எறங்கினப்போ எனக்குத் தெரிஞ்சு பத்தொன்பது நாளாச்சு."

பாய் புரியாதவர் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு இல்லாமல் போனது. எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். அவர் மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் கோப்பையில் தேநீர் பாதி இருந்தது.

ஜுபைதாம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் மேலேயிருந்து குரலாக மட்டும் கேட்ட அந்த அம்மா, திங்கட்கிழமை அவசரத்தைத் தவிர்த்தால், அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவத்துல கேக்கல. அந்த மாடியில நம்ம கலா இருந்திருந்தா, நீங்க சொல்றதுக்கு எத்தன நாளு ஆயிருக்கும்?"

கலா என் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள்.